கள்ளுக்கு ஒரு நிபுணர்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கள்ளைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தெரியாத ஒரு ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்தக் கருத்தைக் கோர்ட்டில் கூண்டேறிச் சொல்ல ஒரு ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது.

ஒரு தமிழ் நாளிதழுக்குப் பதினெட்டு வருடம் எல்லைப் பகுதிச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். பால் விலை, யானை, ஆற்றுத் தண்ணீர், பேருந்து விபத்து. அந்தப் பதிப்பை மூடியதும் பாலக்காட்டில் ஒரு கிரிமினல் வக்கீலம்மாவிடம் சேர்ந்தேன். மலையாள ஆவணங்களைத் தமிழ்க் கட்சிக்காரர்களுக்குப் படித்துச் சொல்வதும், சாட்சிகளை வீடு தேடிப் பிடிப்பதும் என் வேலை. வக்கீலம்மா என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை "அண்ணா" என்பார். வேலை நடக்காத நாட்களில் "ரிப்போர்ட்டர் சார்" என்பார்.

இந்த வழக்கின் கட்சிக்காரர் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கள்ளு ஷாப்பில் விற்பனைக்காரர். ஐம்பத்து மூன்று வயது. இருபத்தைந்து வருடம் தென்னை ஏறியவர். முழங்கால் போன பிறகு அதே ஷாப்பில் அளந்து ஊற்றும் வேலைக்கு உட்கார்ந்தார். ஒரு நாள் மதியம் எக்சைஸ் அதிகாரிகள் வந்து ஒரு பாட்டிலில் மாதிரி பிடித்து, சீல் வைத்துக்கொண்டு போனார்கள். ஆய்வுக்கூட அறிக்கை வந்தபோது, சட்டம் அனுமதிக்கும் அளவைவிட ஆல்கஹால் ஒன்றரைப் புள்ளி கூடுதல். கள்ளில் ஸ்பிரிட் கலந்தார் என்று வழக்கு. தீர்ப்பு எதிராக வந்தால் ஜெயில். வேலையும் போகும், தொழிலாளர் நல நிதியிலிருந்து வரவேண்டிய பென்ஷனும் போகும்.

"ஸ்பிரிட்டு வாங்கறதுக்கு எனக்கு ஏதுங்க காசு?" என்றார் அவர். "அவ்ளோ காசு இருந்தா நாலு எருமை வாங்கிக் கட்டியிருப்பனுங்களே."

வழக்கைப் பற்றி அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. என்னை மட்டும் ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, ஜெயில்ல கக்கூஸு எப்படிங்க? மேல உக்காந்து போறதுங்களா, குந்தி உக்கார்றதுங்களா?"

முழங்காலை மடக்க அவரால் முடியாது. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். பழைய பழக்கத்தில் விசாரிக்கவும் செய்தேன். பதில் அவருக்குச் சாதகமாக இல்லை. அதனால் இன்னும் தெரியவில்லை என்றே சொல்லிவந்தேன். பார்க்கும் போதெல்லாம் கேட்பார்.

வக்கீலம்மாவின் திட்டம் எளிமையானது. மாதிரி பாட்டில் ஆய்வுக்கூடம் போய்ச் சேர ஒன்பது நாள் ஆகியிருந்தது. புளிப்பதை நிறுத்த மருந்து எதையும் அதில் சேர்த்ததாக, மாதிரி பிடித்தபோது எழுதிய மகஸரில் ஒரு வரி கூட இல்லை. அந்த ஒன்பது நாளில் கள் தானாகவே அந்த அளவுக்கு ஏறும் என்று படித்த ஒருவர் வந்து சொன்னால் போதும்.

"அரசாங்கத்துக்கு ஆய்வுக்கூடம் இருக்குதுங்ணா. நமக்கு யாரு இருக்கா?" என்றார் வக்கீலம்மா.

நமக்குத் தகர டப்பா இருந்தது. தொழிற்சங்கச் செயலாளர் சுற்றுவட்டாரத்து ஷாப்புகளில் எல்லாம் ஒரு டப்பாவை வைத்து, அதன் மேல் தமிழிலும் மலையாளத்திலும் "நிபுணர் நிதி" என்று எழுதி ஒட்டினார். காசு விழுந்தது. பிரச்சினை என்னவென்றால், காசு போட்ட ஒவ்வொருவரும் தன் பெயரையும் நிபுணர் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்.

"நான் வந்து சொல்றனுங்க. முப்பது வருசமாக் குடிக்கறேன். வாய்ல வச்சா எந்தத் தோப்புன்னு சொல்லிப்போடுவேன்."

"படிப்பு என்னங்க?"

"அதுக்கு என்னத்துக்குங்க படிப்பு? நாக்குக்கு யாராச்சும் டிகிரி குடுப்பாங்களா?"

நான் முதலில் தொலைபேசியில் பிடித்தது பெங்களூரில் ஒரு பெரிய நிபுணரை. அவருடைய உதவியாளர் விமானம், ஓட்டல், கார், சாட்சிக்கு முந்தின நாள் ஓய்வு, சாட்சிக்கு அடுத்த நாள் ஓய்வு என்று ஒரு பட்டியல் அனுப்பினார். செயலாளர் அதைப் படித்துவிட்டு, நம்மிடம் இருக்கும் நிதியில் அவரைச் சேலம் வரைக்கும் கொண்டுவரலாம் என்றார்.

இரண்டாவது ஆள் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூர்க்காரர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

"கூடும்னு சொல்லோணுமுங்களா, கூடாதுன்னு சொல்லோணுமுங்களா?"

நான் பேசாமல் இருந்ததை அவர் பேரம் என்று நினைத்துவிட்டார்.

"ரெண்டுக்கும் ஒரே ரேட்டுதாங்க" என்றார்.

மூன்றாவது ஆளுக்காக இடுக்கி வரை போனேன். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர், கத்தோலிக்கர், புளிக்க வைக்கும் கலையில் கில்லாடி என்று கேள்வி. போனது வீண் போகவில்லை. அவர் வீட்டுப் பின்னறையில் ஆறு பீங்கான் ஜாடிகள் துணி கட்டி நின்றன. திராட்சை, அன்னாசி, சாம்பக்காய். எந்தச் சூட்டில் எத்தனை நாளில் எவ்வளவு வீரியம் ஏறும் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் இருபது வருடக் கணக்கு வைத்திருந்தார். நான் தேடிய ஆள் இவர்தான் என்று நினைத்தேன். கோர்ட்டுக்கு வரமுடியுமா என்று கேட்டேன். அடுப்படியிலிருந்து அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

"கோர்ட்டுக்கா? 'இதெல்லாம் ஒமக்கு எப்படிவே தெரியும்'னு ஜட்ஜு கேட்டா என்ன சொல்லுவிய? ஜாடியத் தலையில வச்சிக்கிட்டுப் போவியளோ?"

ஃபிட்டர் என்னைப் பார்த்தார். வீட்டில் ஒயின் போடுவதும் நம் கட்சிக்காரர் மீது போட்ட அதே சட்டத்தில்தான் குற்றம்.

"ஏறுறது சாட்சிக் கூண்டுலதான் ஏறுவேன்யா" என்றார். "எறங்குறது எதுத்த கூண்டுலல்லா இருக்கும்."

ஒரு கிளாஸ் கொடுத்தார். அன்னாசி. நன்றாக இருந்தது. அந்த மாவட்டத்தில் இந்த விஷயத்தைச் சரியாகத் தெரிந்த ஒரே ஆள், தெரிந்த காரணத்தினாலேயே சொல்ல முடியாதவர் என்று வக்கீலம்மாவுக்கு அறிக்கை கொடுத்தேன். அன்றைக்கு நான் ரிப்போர்ட்டர் சார்.

கடைசியில் நிபுணர் கிடைத்தது கோர்ட்டிலிருந்து ஆட்டோவில் போகக்கூடிய தூரத்தில். கல்பாத்தி அக்ரஹாரத்தில் ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியர், ஓய்வு பெற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆனவர். கள்ளை அவர் கண்ணால் பார்த்தது பேருந்து ஜன்னல் வழியாக, தென்னை உச்சியில் கட்டியிருந்த கலயமாகத்தான். விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஃபீஸ் ஒண்ணும் வேண்டாம். ஆனா நானே எக்ஸ்பெரிமெண்ட் பண்ணிப் பாக்கணும், கேட்டேளா. கிடைக்கற ரிசல்ட்டைத்தான் சொல்லுவேனாக்கும். உங்களுக்கு வேண்டியதைச் சொல்ல மாட்டேன்."

அவருக்கு இருந்தது ஒரு நிபந்தனை. அவர் மனைவிக்கு மூன்று. சோதனை வீட்டுக்குள் நடக்கக்கூடாது, கொல்லையில் காலியாகக் கிடக்கும் மாட்டுக்கொட்டகையில் நடக்க வேண்டும். நான் கொல்லைப் பக்கத்துச் சந்து வழியாக வரவேண்டும். சோதனைக்கான பாத்திரங்களை அவர்தான் கழுவிக் கொடுப்பார்.

"கள்ளாயிருந்தாலும் கழுவாத பாத்ரத்துல விடப்படாது" என்றார் அந்த அம்மா. பேராசிரியரும் தலையாட்டினார். சுத்தமான பாத்திரம் என்பது இருவருக்குமே ஒத்துப்போன விஷயமாக இருந்தது, அவரவர் காரணத்தால்.

நிபுணர் நிதியில் காய்ச்சி வடிக்கும் கண்ணாடிக் கருவிகள் வாங்கினோம். பில்லைப் பார்த்த செயலாளர், "குடிக்கறவன் காசுல கண்ணாடிச் சாமான் வாங்கறது இதுதாங்க முதல் தடவை. ஒடைக்கற காசுதான் இதுவரைக்கும் கட்டியிருக்கோம்" என்றார்.

நடைமுறை இப்படி. புதுக் கலயம் ஒன்று வாங்கினேன். அந்த அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் மூன்று முறை அலசி, வெயிலில் காயவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு மீனாட்சிபுரம் போய், அந்த ஷாப்புக்குக் கள் இறக்கும் மரமேறுகிறவரிடம் கொடுத்தேன். அவர் துணியைப் பிரித்துக் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். சிரித்தார்.

"இதையா கட்டோணும்? செரி, கட்டறேன், கட்டறேன்."

சிரித்தார் என்று குறித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. பதினெட்டு வருட அனுபவம்.

மறுநாள் காலையில் இறக்கிய கள்ளை இரண்டு பாட்டிலில் பேருந்தில் கொண்டுவந்தேன். ஒரு ஆள் ஒன்றரை லிட்டர் வரை வைத்திருக்கலாம் என்று சட்டப் பிரிவைத் தாளில் எழுதி என் சட்டைப் பையில் வைத்திருந்தார் வக்கீலம்மா. யாரும் கேட்கவில்லை. பாட்டில்கள் அமைதியாக வந்தன. பேராசிரியர் சீல் வைத்து ஒன்பது நாள் காத்திருந்து, காய்ச்சி, வடித்து, அளந்தார். அளவு குறைவு. இன்னொரு புதுக் கலயத்தில் இரண்டாவது முறை, குறைவு. மூன்றாவது முறையும் குறைவு. அரசாங்கத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் கூட வரவில்லை.

பேராசிரியர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

"உங்க கட்சிக்காரர் கலந்திருக்கார்னுதான் தோணறது. கூண்டுல ஏத்தினேள்னா இதைத்தான் சொல்லுவேன்."

அவருடைய பெயரை எங்கள் தரப்புச் சாட்சிப் பட்டியலில் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. தேதியும் குறித்தாயிற்று. டப்பாவில் சில்லறை கூட இல்லை. வக்கீலம்மா என்னை அண்ணா என்றும் சொல்லவில்லை, ரிப்போர்ட்டர் என்றும் சொல்லவில்லை. கட்சிக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அவிய ஊட்டுக்கு என்னயக் கூட்டிட்டுப் போறீங்களா? ஒருக்கா பாத்துப்போடறனுங்க."

குற்றம் சாட்டப்பட்டவரை நிபுணர் வீட்டுக்குக் கூட்டிப் போவது சரியா என்று வக்கீலம்மாவிடம் கேட்டிருந்தால் கூடாது என்றிருப்பார். அதனால் கேட்கவில்லை.

சந்து வழியாகப் போனபோது பேராசிரியரின் மனைவி கிணற்றடியில் உட்கார்ந்து நாலாவது கலயத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புளி ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம், ஆவி பறக்கும் வெந்நீர் ஒரு பக்கம். கட்சிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். கொலையை நேரில் பார்த்தவன் முகம்.

"ஏனுங்கம்மா, என்னங்க பண்றீங்க?"

"என்ன பண்றேனா? கலயம் தேய்க்கறேன். இதுக்கு முன்னாடி மூணும் நான்தான் தேய்ச்சேன். கண்ணாடியாட்டமா இருந்துது, இவரைக் கேளுங்கோ."

கட்சிக்காரர் மாட்டுக்கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மெதுவாக உட்கார்ந்தார்.

"கலயத்த நாங்க கழுவறதே இல்லீங்கம்மா."

"கழுவறதே இல்லையா?"

"அடியில ஒரு வெரக்கட மண்டி இருக்கோணுமுங்க. கள்ள ஊத்திப்போட்டு, மண்டியோடதான் திருப்பி மரத்துல கட்டறது. என்ற கலயத்துல இருக்கற மண்டி நான் மரமேறப் பழகறப்ப எங்க மாமன் குடுத்ததுங்க. அத வழிச்சுப்போட்டாக் கள்ளு எங்கீங்க பொங்கும்? சும்மா எளநியாட்டத்தான் கெடக்கும்."

பேராசிரியர் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் மனைவி கையிலிருந்த புளியைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏன்னா! உறை குத்தாம எனக்குத் தயிர் வேணும்னா எங்கேர்ந்து வரும்? நேத்து மோரை ஒரு ஸ்பூன் விட்டாத்தானே இன்னிக்குப் பால் தோயும்? இது அதேயாக்கும். முப்பத்தினாலு வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தேளே, மண்டையில இது உதிக்கலையா?"

"ஈஸ்ட்" என்றார் பேராசிரியர், மிக மெல்லிய குரலில்.

"அதை இப்பச் சொல்லுங்கோ! மூணு கலயம் தேய்ச்சு என் கை தோல் உரிஞ்சு போச்சு."

மரமேறுவதை விட்ட பிறகும் இன்னொருவரிடம் கொடுத்துக் கட்டவைத்துவந்த தன் சொந்தக் கலயத்தைக் கட்சிக்காரர் சோதனைக்குக் கொடுத்தார். மரமேறுகிறவர் இந்த முறை சிரிக்கவில்லை. "இதுதானுங்க கலயம்" என்றார். மறுநாள் கள்ளோடு அதே பேருந்தில் ஏறினேன். கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் ஒரு பாட்டிலின் மூடி பறந்து மேல் கம்பியில் பட்டு டிரைவர் இருக்கை வரைக்கும் உருண்டது. வெள்ளை நுரை என் சட்டையிலும், பக்கத்தில் இருந்தவர் வேட்டியிலும், சட்டப் பிரிவு எழுதிய தாளிலும் வழிந்தது. பேருந்து முழுவதும் மணம். கண்டக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். வேட்டி நனைந்தவர் விரலை நக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எந்த ஷாப்புங்க?"

மற்ற பாட்டிலின் மூடியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் தளர்த்திப் பாலக்காடு வரை காப்பாற்றிக் கொண்டுவந்தேன். ஒன்பது நாள் கழித்துப் பேராசிரியர் அளந்தபோது அரசாங்கத்தின் எண்ணைத் தொட்டு, கொஞ்சம் தாண்டியும் இருந்தது. இரண்டு முறை திருப்பிச் செய்தார். அதே முடிவு. பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி எனக்கு அவரே போன் செய்து சொன்னார்.

சாட்சி விசாரணை மலையாளத்தில் நடந்தது. நான் எழுதி வைத்ததைத் தமிழில் தருகிறேன். அரசு வக்கீல் கேட்டார்:

"நீங்கள் கள் குடித்ததுண்டா?"

"இல்லை."

"ஒரு வாய் கூட?"

"இல்லை."

"குடிக்காத உங்களுக்குக் கள்ளைப் பற்றி என்ன தெரியும்?"

"சல்ஃப்யூரிக் ஆசிட் பற்றி முப்பத்து நாலு வருடம் பாடம் எடுத்தேன் சார். அதையும் குடித்ததில்லை."

அரசு வக்கீல் சோதனைக் குறிப்பேட்டைக் கையில் எடுத்தார். வக்கீலம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"முதல் மூன்று சோதனையில் ஆல்கஹால் குறைவாகத்தான் வந்தது, இல்லையா?"

"ஆமாம்."

"அதைக் கோர்ட்டிலிருந்து மறைத்தீர்கள்."

"மறைக்கவில்லை. முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான்காவது பக்கத்தில், ஏன் குறைந்தது என்பதும் இருக்கிறது. நீங்கள் மூன்றாவது பக்கத்தில் நிறுத்திவிட்டீர்கள்."

ஜட்ஜம்மா குறிப்பேட்டை வாங்கி நான்காவது பக்கத்தைப் படித்தார். தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"கலயத்தைக் கழுவியது யார்?"

"என் மனைவி."

"நன்றாகக் கழுவினாரா?"

"புளி, சாம்பல், வெந்நீர். மூன்று முறை."

"அப்படியென்றால் இது தயிருக்கு உறை மாதிரி."

"அதேதான். அதைக் கண்டுபிடித்தது நானில்லை. அதுவும் என் மனைவிதான். நான்காவது பக்கம், கடைசி வரி."

கோர்ட்டில் சிரித்தது ஒரே ஒருவர், சுருக்கெழுத்தாளர். அவரும் உடனே நிறுத்திக்கொண்டார். கழுவின கலயம் மூன்று, கழுவாத கலயத்தில் மூன்று தடவை. இப்படி ஒரு ஒப்பீட்டுச் சோதனையைத் திட்டமிட்டுச் செய்திருந்தால் எங்கள் நிதிக்குக் கட்டுப்படியாகியிருக்காது என்று பின்னால் வக்கீலம்மா சொன்னார். கட்சிக்காரரின் கலயத்தையும் அன்று கோர்ட்டில் ஆதாரமாக ஒப்படைத்தோம்.

தீர்ப்பு வர மேலும் நாலு மாதம் ஆனது. அன்று காலை கட்சிக்காரர் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே இரண்டு வேட்டி, ஒரு துண்டு, முழங்காலுக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் பாட்டில். என்னை ஓரமாக அழைத்தார்.

"கேட்டீங்களாங்க?"

"குந்தி உக்கார்றதுதானுங்க" என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை.

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கள் இயல்பாக அந்த அளவுக்குப் புளித்திருக்க முடியாது என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று சொல்லி ஜட்ஜம்மா அவரை விடுதலை செய்தார். மலையாளத்தில் சொன்னதைக் காதில் நான் தமிழில் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு வெளியே வந்து பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, பையிலிருந்து எண்ணெயை எடுத்து அங்கேயே முழங்காலுக்குத் தேய்த்தார்.

கலயத்தைத் திருப்பி வாங்க இன்னொரு மனு, இன்னும் மூன்று வாரம். ஆதாரப் பொருள் அறையைக் கவனிக்கும் ஊழியர் கலயத்தை இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தார். பளிச்சென்று இருந்தது.

"என்ன நாத்தம் சார்! எறும்பு வேற. நான்தான் பினாயில் ஊத்தி ரெண்டு தடவ நல்லாக் கழுவி வச்சேன்" என்றார், ஒரு நன்றியை எதிர்பார்த்து.

கட்சிக்காரர் கலயத்துக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கலயத்துக்குள் பார்த்தார். ஊழியருக்குக் கும்பிடு போட்டார்.

நேராக ஆட்டோ பிடித்துக் கல்பாத்திக்குப் போனோம், கொல்லைச் சந்து வழியாக. அப்பீல் வந்தால் மறுபடி சோதனை வேண்டியிருக்கும் என்று பேராசிரியர் கடைசிச் சோதனையின் மண்டியை ஒரு மண்சட்டியில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அந்த அம்மா அதை மாட்டுக்கொட்டகை மூலையில் துணி கட்டி வைத்து, பேராசிரியர் சொன்னபடி இரண்டு நாளுக்கு ஒரு முறை சர்க்கரைத் தண்ணீர் விட்டு வந்திருந்தார். கட்சிக்காரர் நடந்ததைச் சொன்னார்.

"பினாயிலா!" என்றார் அந்த அம்மா. "கழுவறதுன்னா ஒரு விவரம் வேண்டாமோ?"

பினாயில் வாடை போகும் வரை கலயத்தை வெந்நீரில் அலசிவிட்டு, சட்டியின் துணியை அவிழ்த்தார். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கரண்டியால் ஒரு கரண்டி மண்டி எடுத்துக் கட்சிக்காரரின் கலயத்தில் விட்டார். கொஞ்சம் யோசித்து இன்னொரு கரண்டியும் விட்டார்.

"முழுக்க எடுத்துக்கறேளா?"

"வேண்டாங்கம்மா. பாதி இங்கயே இருக்கட்டுமுங்க" என்றார் அவர். "இங்கன்னா பத்திரமா இருக்கும்."